கடைசிப் பெயர்

மார்ச் முப்பத்தொன்று, இரவு எட்டேகால்.
கிருஷி பவன் மூன்றாம் மாடி.
குரங்கு விரட்டுகிறவர்கூட வீட்டுக்குப் போய்விட்டார்.
ஹீட்டரைக் கட்டிவைத்தாயிற்று, கூலர் இன்னும் வரவில்லை.
இரண்டுக்கும் நடுவே ஒரு மேசைவிசிறி
தலையை ஆட்டி ஆட்டி மறுக்கிறது,
எதை என்று தெரியாமல்.

ஆறு மாதம் படுத்திருந்த கோப்பு
போன வாரம்தான் எழுந்து உட்கார்ந்தது.
பிஷ்ட் சாஹிப் கிளம்பும்போது சொன்னார்:
"பன்னிரண்டுக்குள் ஏறாத பணம் சரண்டர்.
உங்கள் ஊர் ஆட்கள்தானே மேடம், நீங்களே பாருங்கள்."
அல்மோராக்காரர். கடலை ஒரேயொரு முறை பார்த்திருக்கிறார்,
கொச்சியில், கண்காட்சி திறக்கப் போனபோது.
கெட்டவர் இல்லை.
பாதி பிரெட் பக்கோடாவை எனக்கு வைத்துவிட்டுப் போனார்.

என் ஊர் பொள்ளாச்சி.
அங்கே அலை அடிப்பது தென்னந்தோப்பில்தான்.
இங்கிருந்து பார்த்தால் தெற்கு முழுக்க ஒரே ஊர்.

ஆயிரத்து நூற்றுப் பதினான்கு பேர்.
கடலுக்குப் போகாத மாதங்களுக்கு அரசு தரும் பணம்.
அதில் மூன்றில் ஒரு பங்கு
அவர்களே கட்டியது, ரசீதோடு.
எல்லோருக்கும் எதிரே ஒரே சிவப்பு வரி:
பெயர் பொருந்தவில்லை.

வலைவாசல் கேட்கிறது: முதல் பெயர். கடைசிப் பெயர்.
நட்சத்திரக் குறி போட்டுக் கேட்கிறது.
மோ. சூசைராயனுக்குக் கடைசிப் பெயர் கிடையாது.
முதலில் ஒரு மோ, ஒரு புள்ளி, பிறகு அவர்.
ஏதோ ஒரு கணினி மையத்தில் எவனோ ஒரு பையன்
அந்தப் புள்ளியையே கடைசிப் பெயராக்கியிருக்கிறான்.
வங்கியில் அவர் சூசைராயன் மோயீசன்.
ஆதாரில் மோயீசன் சூசைராயன்.
அரசுக்கு இவர்கள் மூன்று பேர்.
மூன்று பேருக்கும் பணம் இல்லை.

எனக்குத் தெரியும் இந்தச் சங்கடம்.
சம்பளப் பட்டியலில் நான் மிஸ் சண்முகவடிவேல்.
ஒன்பது வருடமாக
யாராவது அப்பாவைக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

அவர்கள் வலைக்குச் சட்டத்தில் கண்ணளவு உண்டு,
மில்லிமீட்டர் கணக்கில்,
குஞ்சுமீன் தப்பிப் போகட்டும் என்று.
இந்த வலைவாசலின் கண்ணை யார் அளந்தார்கள்?
கேட்பதற்கு ஒரு படிவம் இல்லை.

ஒவ்வொரு பெயராகத் திறந்தேன்.
முன்னெழுத்தை விரித்துப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன்.
ச என்றால் சவேரியார், வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது.
தா. புனிதவல்லிக்குத்தான் எதிலும் இல்லை.
தாவீதா, தாசனா, தாமோதரனா?
பத்தே முக்காலுக்குப் போன் அடித்தேன்.
"டெல்லியிலிருந்து பேசுகிறேன்" என்றதும் குரல் இறுகியது.
"ஓடிபி எல்லாம் சொல்ல மாட்டேன், போனை வை."
சரியான பதில்.
அப்படிச் சொல்லச் சொல்லிச் சுவரொட்டி அடித்ததே நாங்கள்தான்.
மறுபடி அடித்தேன்.
"தான்னா என்னக்கா? அது மட்டும் சொல்லுங்க."
கொஞ்ச நேரம் அலைச் சத்தம், அல்லது டிவி.
"தாயம்மா. எங்கம்மா. அந்த ஆளு பேரைப் போட்டுடாதே."

போடவில்லை.
தந்தை பெயர் என்ற கட்டத்தில்
தாயம்மா என்று தட்டினேன்.
வலைவாசல் ஒரு வார்த்தை கேட்காமல் விழுங்கிக்கொண்டது.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு
இருநூற்றுப் பன்னிரண்டு முடிந்திருந்தது.
அடுத்தது வ. இருதயராணி.
இருதய வரைக்கும் தட்டினேன்.
வட்டம் சுற்றியது. சுற்றியது.
நிதியாண்டு நிறைவடைந்தது என்றது,
பச்சை எழுத்தில், நன்றியுடன்.

மெட்ரோ நின்றுவிட்டது.
ரஃபி மார்க்கில் இலவ மரம் தடித்த சிவப்புப் பூக்களை
ஒவ்வொன்றாகக் கீழே போட்டுக்கொண்டிருந்தது,
யார் தலை என்று பாராமல்.
ஆட்டோக்காரர் என்னைத் தாண்டிப் போய்
இருட்டில் ஓர் ஆணைத் தேடினார்:
"ஷண்முக் ஜி? ஷண்முக் ஜி?"
நான்தான் என்றேன்.
நம்பவில்லை. ஓடிபி கேட்டார்.

சொன்னேன்.